முயல் பெயரில் ஒரு பொய்ச்சாட்சி

அத்தியாயம் 9

கடல் அன்றைக்கும் எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை.

மாமல்லபுரத்துக்கு வடக்கே, தேவனேரிக் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களிடம் ஒவ்வொருவராகப் போய் நின்றான் பார்த்திபன். எல்லோரிடமும் ஒரே கேள்விதான்.

"அண்ணே, மஞ்சள் சுடிதார் போட்ட உடம்பு ஏதாவது ஒதுங்குச்சா?"

அவர்கள் இல்லையென்று தலையாட்டினார்கள். ஒருவர் மனசு கேட்காமல் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, அடுத்த படகை நோக்கி நடந்தான்.

சவுக்குத் தோப்பின் ஓரத்தில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள் வரலட்சுமி. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் கணக்குகளைத் துருவித் துருவிக் கண்டுபிடித்தவள், இப்போது செங்கல்பட்டில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறாள். அழுகிற ஆண்கள் அவளுக்குப் புதிதில்லை. ஆனாலும் இவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"இப்படி ஒரு புருஷன் கெடைக்க அந்தப் பொண்ணு குடுத்து வச்சிருக்கணும்க்கா" என்றான் அவளுடைய உதவியாளன் தமீம். "நான் காணாமப் போனா என் பொண்டாட்டி அஃப்ஸானா மொதல்ல பைக் சாவியத் தேடும். அது கெடைச்சிட்டா என்னியத் தேடாது."

"உன்னை விட பைக் மைலேஜ் அதிகம் கொடுக்குதுடா."

அவள் சிரிக்கவில்லை. காற்றில் ஏதோ சரியில்லாத மாதிரி இருந்தது. அலை வந்து போன இடத்தில் மணல் சட்டென்று கறுத்து, மெல்ல வெளுத்தது.

பார்த்திபனின் மனைவி ரேணுகா, செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற சாலையில் இருக்கும் ஒரு தனியார் ஆராய்ச்சி மையத்தில் விஞ்ஞானி. வியாழக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து கிளம்பியவள் வீடு திரும்பவில்லை. மறுநாள் காலையில் அவளுடைய ஸ்கூட்டர் இதே தோப்பில் நின்றது. பக்கத்தில் செருப்பு. கொஞ்ச நாளாகவே மனசு சரியில்லாமல் இருந்தாள் என்றான் கணவன். தற்கொலை என்று முடிவுக்கு வந்திருந்தார் சப்-இன்ஸ்பெக்டர் சம்பூர்ணம். உடம்பு கிடைப்பதுதான் பாக்கி. அதைத் தேடத்தான் பார்த்திபன் வரலட்சுமியை அமர்த்தியிருந்தான்.

வரலட்சுமியின் கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் குப்பி இருந்தது. சுண்டுவிரல் நுனி அளவுதான். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் இருந்த பிளாஸ்க்கை, சாப்பாட்டு டப்பா என்று போலீஸ் திறக்காமலே விட்டிருந்தது. தமீம் திறந்தான். ஐஸ் உருகிய தண்ணீரில் இது மிதந்தது. மூடியின் மேல் பேனாவால் ஒரே ஓர் எழுத்து: மு.

"மு-ன்னா இன்னாக்கா? முகூர்த்தமா, முட்டை போண்டாவா?"

"தெரியல. ஆனா ஐஸ் போட்டு எடுத்துட்டு வந்திருக்கா. இது கெட்டுப்போயிடக் கூடாதுனு கவலைப்பட்டிருக்கா. சாகப் போறவளுக்கு அந்தக் கவலை எதுக்கு?"

பார்த்திபன் மணலில் கால் புதைய நடந்து வந்தான். குப்பியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அது ஏதோ அவ லேப் சமாச்சாரம் மேடம். எனக்கு ஒண்ணும் புரியாது, கார் ஸ்பேர் பார்ட்ஸ் விக்கிறவன் நான். அதை விடுங்க. தெற்கால சதுரங்கப்பட்டினம் வரைக்கும் ஒரு தடவை பாத்துடலாம். உடம்பாவது கிடைச்சா..."

"கடல் எங்கயும் போகாது சார். முதல்ல லேப்பைப் பாத்துடறோம்."

ஒரு கணம் யோசித்தான். "சரி மேடம். நானே கூட்டிட்டுப் போறேன்."

பார்த்திபன் தன் காரை ஓட்டினான். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் தமீம் பேச்சை ஆரம்பித்தான். "சனிக்கிழம இந்த ஏரியா பூரா ஷட்டவுனுக்கா. காலையில புடுங்கின கரண்டு பொழுது சாஞ்சுதான் வந்துச்சு. வூட்டுல ரெண்டு பாக்கெட் பாலும் திரிஞ்சு போயி, அஃப்ஸானா என்னியவே மொறைச்சுகினு கீது. இன்னாமோ நான்தான் போயி ஃபியூஸப் புடுங்குன மாதிரி."

கண்ணாடியில் பார்த்திபனின் கண்கள் அவனைப் பார்த்தன. சோர்வாகச் சிரித்தான். "கொடுத்து வச்சவர் தமீம் நீங்க. முறைக்கிறதுக்கு வீட்டுல ஆள் இருக்கு."

தமீம் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஆராய்ச்சி மையத்தின் கேட்டுக்கு எதிரே பஸ் ஸ்டாப். அங்கே ஒரு புங்க மரத்து நிழலில் காரை நிறுத்தினான் பார்த்திபன். "அவ உட்காந்த நாற்காலியை என்னால பாக்க முடியாது மேடம். நான் இங்கயே இருக்கேன்."

மாடியில் ரேணுகாவின் லேப். வெள்ளைக் கோட்டு போட்ட பெண் ஒருத்தி ஜன்னலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர்கள் நுழைந்ததும் சட்டென்று திரையை இழுத்துவிட்டாள். ஜாக்குலின். ரேணுகாவோடு ஒரே மேஜையில் வேலை பார்ப்பவள். கண்ணுக்கடியில் கருவளையம்.

குப்பியைப் பார்த்ததும் அவள் விரல்கள் கோட்டுப் பையில் சுருண்டன.

"முயல்" என்றாள்.

"எது?"

"மு-ன்னா முயல். இது ஆன்டிபாடி மேடம். எந்த மிருகத்தோட உடம்புல உண்டாக்கினதோ, அதை மூடியில எழுதி வைக்கணும். முன்னாடி இங்கிலீஷ்ல எம்-னு எழுதுவோம். பாதிப் பேர் மௌஸ்னு படிச்சாங்க. மீதிப் பேர் முயல்னு படிச்சாங்க. ஒரு மாச வேலை நாசமாச்சு. அன்னிலேர்ந்து ரேணுகா தமிழ்லதான் எழுதுவா. மு-ன்னா முயல், எ-ன்னா எலி, ஆ-ன்னா ஆடு."

"ஆடுதானா? நான் ஆளுன்னு நெனச்சு பயந்துட்டேன்" என்றான் தமீம்.

ஜாக்குலின் அவனை வெறித்துப் பார்த்தாள். சிரிக்கத் தெரியாதவள் பார்வை இல்லை அது. சிரிக்கப் பயந்தவள் பார்வை.

"இதை வச்சு என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள் வரலட்சுமி.

"நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் குப்பை சேரும் மேடம். அந்தக் குப்பையை செல் ஒரு பையில சுத்தி, தானே தின்னு தீர்த்துடும். ஆட்டோபேஜினு பேரு. அப்படித் தின்னும்போது எல்.சி.3-னு ஒரு புரதம் அந்தப் பையில போய் ஒட்டிக்கும். இந்த ஆன்டிபாடி அந்தப் புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கும். பிடிச்சா, செல்லோட புரதத்தை ஏத்தி வச்ச பட்டையில கறுப்பா ஒரு கோடு விழும்."

"போலீஸ் அணிவகுப்புல குற்றவாளியைக் கைகாட்டற சாட்சி மாதிரி."

முதல்முறையாக ஜாக்குலின் அவளை நேராகப் பார்த்தாள். "ஆமா மேடம். ஆனா எல்லாச் சாட்சியும்..." என்று ஆரம்பித்து, ஜன்னல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"அவங்க கடைசியா வேலை பார்த்த இடத்தைக் காட்டறீங்களா?"

குளிர் அறையின் கதவு தடிமனாக இருந்தது. உள்ளே போனதும் மூச்சு புகையாக வந்தது. ஒற்றை விளக்கு. தரையின் மூலையில் தண்ணீர் தேங்கிக் காய்ந்த கறை. நடுவில் ஒரு சின்ன மேடை, தொட்டில் மாதிரி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அதன் மேல் ஒரு தட்டு. தட்டில் வெள்ளைத் திரவம், அதற்குள் மூழ்கி ஒரு பட்டை. இறந்துபோனவளுக்காக யாரோ விடாமல் தாலாட்டு பாடிக்கொண்டிருப்பது போலிருந்தது அது.

"பால் பவுடர் கரைச்ச தண்ணி" என்றாள் ஜாக்குலின். "அதுல ஆன்டிபாடி கலந்து, பட்டையை ஒரு ராத்திரி ஊற விடணும். வியாழக்கிழமை சாயங்காலம் ரேணுகா போட்டுட்டுப் போனது. எடுக்க எனக்கு மனசு வரல."

தமீமின் குரல் இறங்கியது. "அக்கா, இட்லிக்கு ஊறப் போட்டவ காலையில மாவு ஆட்ட எந்திரிக்கணும்னு நெனைப்பாளா, கடல்ல வுழணும்னு நெனைப்பாளா?"

"சரியாத்தான் சொல்ற." வரலட்சுமி தட்டுக்கு மேல் குனிந்தாள். குனிந்தவள், அப்படியே நின்றாள். இன்னும் கொஞ்சம் குனிந்து முகர்ந்தாள். "ஜாக்குலின், சனிக்கிழமை இங்கயும் கரண்ட் இல்லதானே?"

"ஆமா. ஜெனரேட்டர் பெரிய ஃப்ரீசருக்கு மட்டும்தான். இந்த ரூமெல்லாம் மத்தியானமே சூடாகி, சுவரு வேர்த்து..."

பாதி வாக்கியத்தில் அவள் வாய் நின்றுவிட்டது.

"தமீம், கதவைச் சாத்து."

கதவு சாத்தப்பட்டது. மேடை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"தமீம் வீட்டுப் பால் அன்னிக்கே திரிஞ்சுடுச்சு. இந்தப் பால் வியாழக்கிழமையிலேர்ந்து இங்க இருந்திருந்தா, இந்நேரம் இந்த ரூமுக்குள்ள நிக்கவே முடியாது. இது பச்சைக் குழந்தைக்குக் கரைச்ச மாதிரி மணக்குது. நேத்து, ஞாயித்துக்கிழமை, யாரும் இல்லாத நேரத்துல கரைச்சது." வரலட்சுமி அவள் தோளைத் தொட்டாள். "நீங்க போட்டதா இருந்தா என்கிட்ட மறைக்க வேண்டிய அவசியம் இல்ல. போட்டது ரேணுகாதான். அவ உயிரோட இருக்கா."

ஜாக்குலின் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "சத்தமா சொல்லாதீங்க மேடம். நீங்க யார் கார்ல வந்து இறங்கினீங்கனு ஜன்னல்ல பார்த்தேன்."

"அவ புருஷன் கார்ல."

"எங்களுக்கு ஆன்டிபாடி சப்ளை பண்றவர் கார்ல."

வரலட்சுமி அவளை நெருங்கி நின்றாள்.

"ஸ்பேர் பார்ட்ஸ்னு சொன்னாரே?"

"போன வருஷம் வரைக்கும் அதான் பண்ணினார். ரேணுகாதான் சிபாரிசு பண்ணி இங்க சப்ளை வாங்கிக் கொடுத்தா. அதுக்கப்புறம் எந்தப் பட்டையை எடுத்தாலும் அழகா கோடு விழுந்துச்சு. குப்பையைத் தின்ன வைக்கிற எங்க மருந்து வேலை செய்யுதுனு எல்லாருக்கும் சந்தோஷம், நோயாளிகளுக்குக் கொடுத்துப் பாக்கற வரைக்கும் பேச்சு போயிடுச்சு. ரேணுகாவுக்கு மட்டும் உறுத்தல். அந்தப் புரதமே உண்டாகாதபடி ஜீனை வெட்டியெடுத்த செல் இருக்கு மேடம். அதுல கோடு விழவே கூடாது. அதுல அவ போட்டுப் பார்த்தா. கோடு விழுந்துச்சு."

"அணிவகுப்புல ஆளே நிக்கல. சாட்சி 'இவன்தான்'னு கைகாட்டுது."

"அதேதான். மறைமலைநகர்ல இவரோட ஷெட்டுல, எது கண்டாலும் போய் ஒட்டிக்கிற மலிவுச் சரக்கை நிரப்பி லேபிள் ஒட்டறாங்க. முயலாம், முயல்! அதுலயும் பொய்." ஜாக்குலினின் கண்ணில் நீர் திரண்டது. "டைரக்டர்கிட்ட நேராப் போயிருக்கலாம். புருஷனாச்சே, தானாவே ஒத்துக்கிட்டா கௌரவமா இருக்கும்னு அவர்கிட்ட கெஞ்சினா. வியாழக்கிழமை அவரே போன் பண்ணி, குப்பியை எடுத்துட்டு பீச்சுக்கு வா, பேசி முடிச்சுடலாம்னார். கல்யாணமான புதுசுல மாதிரி கால் நனைக்கலாம்னு கையைப் பிடிச்சு இறக்கினார். இடுப்பளவு தண்ணி வந்ததும் அதே கை அவ தலையை அழுத்திச்சு."

மேடை ஆடியது. நின்றது. மறுபடி ஆடியது.

"அலை இழுத்துட்டுப் போய் எங்கயோ தள்ளிச்சு. படகுக்காரங்க தூக்கினாங்க. அணுபுரத்துல என் சித்தி வீடு இருக்கு, டவுன்ஷிப் கேட்டுல காவல் உண்டு. அங்கதான் இருக்கா."

"போலீசுக்கு ஏன் போகல?"

"ஸ்டேஷன் வாசல் வரைக்கும் போனோம் மேடம். உள்ளே அவர் அழுதுட்டு இருந்தார். சுத்தி நின்ன போலீஸ்காரங்க கண்ணுலயும் தண்ணி. இவளுக்குப் புத்தி சரியில்லனு ஏற்கெனவே சொல்லி வச்சிருக்கார். கையில ஒரு ஆதாரம் இல்லாம உள்ளே போனா, திரும்ப அவர் கையிலதானே கொடுத்து அனுப்புவாங்க? அதுக்குத்தான் இந்தப் பட்டை."

"எங்களை எதுக்கு வச்சாரு அப்ப?" தமீமின் குரல் கரகரத்தது.

"அவருக்கு வேண்டியது அவ இல்லைங்க. அவ உடம்பு. அதைப் பாக்கற வரைக்கும் அவருக்குத் தூக்கம் வராது."

வரலட்சுமி கண்ணை மூடினாள். காலையில் கேட்ட குரல் காதுக்குள் வந்தது. உடம்பு ஏதாவது ஒதுங்குச்சா? எத்தனை பேரிடம் கேட்டான்! யாரையாவது காப்பாற்றினீர்களா, எந்த ஆஸ்பத்திரியிலாவது சேர்த்தீர்களா என்று ஒருவரிடம்கூடக் கேட்கவில்லை. அவளும் பக்கத்தில் நின்று பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"ரேணுகா இப்போ சித்தி வீட்டுலயா?"

ஜாக்குலினின் முகம் வெளுத்தது. "இல்ல மேடம். பட்டையைத் தானே எடுக்கணும்னு பிடிவாதம் பிடிச்சா. மாஸ்க் போட்டுக்கிட்டு பஸ்ல வர்றா. வர்ற நேரம்தான்."

"போன் பண்ணி நிறுத்துங்க!"

"அவ போன் கடலுக்குள்ள கிடக்கு."

"எங்க இறங்குவா?"

பதில் தேவைப்படவில்லை. கேட்டுக்கு எதிரே, புங்க மரத்தடியில்.

மூன்று பேரும் படியில் ஓடினார்கள். ஓடிக்கொண்டே வரலட்சுமி சம்பூர்ணத்துக்கு அவசரமாகச் செய்தி தட்டினாள்: செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரி பிணவறை வாசலுக்கு உடனே வாங்க, ஏன்னு கேக்காதீங்க. கேட்டருகே தமீமின் கையைப் பிடித்தாள். "வாட்ச்மேன்கிட்ட குடையை வாங்கிக்க. அவ இறங்கினதும் முகம் தெரியாம மூடிக் கூட்டிட்டு வா. ஓடாத. வீட்டு ஆளைக் கூப்பிடற மாதிரி கூப்பிடு."

"நீங்கக்கா?"

"நான் அவர் முகத்தைத் திருப்பி வைக்கிறேன்."

காருக்குள் பார்த்திபன் ஸ்டீயரிங் மேல் தலை சாய்த்திருந்தான். முன்கதவைத் திறந்து அவள் உட்கார்ந்த அதே நேரம், சாலையின் வளைவில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அவன் நிமிர்ந்து கண்ணாடியைப் பார்க்கப் போனான்.

"பார்த்திபன். என்னைப் பாருங்க."

பார்த்தான்.

"உடம்பு கிடைச்சிருக்கு."

பஸ் பின்னால் வந்து பெருமூச்சு விட்டு நின்றது. அவன் காதில் அது விழவே இல்லை. கண் இமைக்காமல் அவள் வாயையே பார்த்தான்.

"கோவளம் பக்கம் ஒதுங்கியிருக்கு. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருக்காங்களாம். ஆனா எனக்கு நம்பிக்கை இல்ல சார்." அவள் ஒவ்வொரு சொல்லாக, பட்டையைத் தட்டில் இறக்குவது போல் இறக்கினாள். அப்படியோர் உடம்பு எங்கும் இல்லை. "நீலச் சேலை கட்டியிருக்காம். இடது கையில பச்சை குத்தியிருக்காம். ரேணுகா மஞ்சள் சுடிதார்ல போனதா நீங்கதானே சொன்னீங்க?"

மனைவி மேல் உயிரை வைத்திருக்கிற எவனும் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடுவான். அது அவள் இல்லை மேடம், என் ரேணுகா பச்சை குத்தினவள் இல்லை என்று கத்துவான். இந்த நிமிஷத்திலும் வரலட்சுமியின் மனசின் ஒரு மூலை, அவன் அப்படிக் கத்திவிட வேண்டுமென்று வேண்டிக்கொண்டது.

பின்கண்ணாடியில் ஒரு குடை விரிந்தது. "இன்னா அண்ணி, இவ்ளோ நேரமா வர்றது? வூட்டுல எல்லாம் பசியோட கீறாங்க!" என்று தமீமின் குரல் மங்கலாகக் கேட்டது. முகத்தில் மாஸ்க்கும் கையில் சாப்பாட்டுப் பையுமாக ஒரு பெண் இறங்கினாள். காரைப் பார்த்ததும் அவள் கால்கள் தரையில் ஒட்டிக்கொண்டன. குடை தாழ்ந்து அவள் மேல் கவிந்தது.

பார்த்திபனின் தோள்கள் மெல்லத் தளர்ந்தன, நாள் கணக்காகச் சுமந்த மூட்டையை இறக்கி வைத்தவன் போல.

"அவதான் மேடம்."

"சேலை?"

"மாத்தியிருப்பா."

"பச்சை?"

"குத்தியிருப்பா. எனக்குத் தெரியாம எவ்வளவோ பண்ணியிருக்கா." கண்ணீர் ஒழுங்காக வழிந்தது. "அவதான். என் ரேணுகாவேதான்."

"பாக்காமலே எப்படி சார் சொல்றீங்க?"

"புருஷனுக்குத் தெரியாதா மேடம்?"

அவன் தலைக்குப் பின்னால் குடை சாலையைக் கடந்தது. கேட் திறந்தது. மூடியது.

பார்த்திபன் கண்ணைத் துடைத்துக்கொண்டு காரைக் கிளப்பினான். செங்கல்பட்டுச் சாலையில் ஏறியதும் ஏ.சி.யைக் கூட்டினான், சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தான். ஏரிப் பக்கம் வந்தபோது, வெட்கப்படுகிறவன் போல அவள் பக்கம் திரும்பினான்.

"தப்பா நினைக்காதீங்க மேடம். இத்தனை நாளா ஒண்ணும் இறங்கல. இப்பதான் பசிக்குது. போற வழியில டிபன் சாப்பிட்டுப் போயிடலாமா?"

வரலட்சுமி மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள்.

"சாப்பிடலாம் சார்" என்றாள். "நிதானமா சாப்பிடுங்க. அவசரமே இல்ல."